அவனையும் சேர்த்து அறுபத்தொரு பேர்

அறுவை சிகிச்சை முடிந்தவர்களை எப்படித் தேற்றி எழுப்புவது என்று நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுடைய வேலை. மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆதாரம். "ஆதாரம் வருதுடி" என்று ஒருத்தி சொன்னால் போதும், வராந்தாவில் சாய்ந்து நிற்கும் மற்றவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். யார் எதைச் சொன்னாலும், "யார் சொன்னது? எத்தனை பேரைப் பார்த்துட்டுச் சொன்னாங்க?" என்று கேட்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நான் அதே மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை பார்த்தேன். நோயாளிகளின் கோப்புகளை வரிசை தப்பாமல் அடுக்குவதும், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. அவள் குடும்பம் குடியிருந்தது என் வீட்டுக்கு மேல்மாடியில். அதனால் இதில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன்.

கல்லூரியின் செய்முறை அறையில் இரண்டு இரும்புக் கட்டில்களும் ரப்பரில் செய்த ஒரு நோயாளி பொம்மையும் இருந்தன. எந்த வேலையும் செய்யாமல் படுத்தபடியே எல்லா உபசாரத்தையும் வாங்கிக்கொள்வதால் அந்தப் பொம்மைக்கு மாணவிகள் வைத்த பெயர் மாப்பிள்ளை. கோப்பு கொடுக்கப் போன ஒரு நாள் அவளுடைய பாடத்தைக் கதவோரம் நின்று கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னைக்குக் காலையில குடல் ஆபரேஷன். கொஞ்சம் வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேத்துத் தச்சிருக்காங்க. சாயங்காலம் தண்ணி கேக்கறாரு. குடுக்கலாமா?"

"கூடாது டீச்சர்" என்றது வகுப்பு மொத்தமும்.

"ஏன்?"

"காத்துப் பிரியணும் டீச்சர்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பிரியலைன்னா?"

"பிரியற வரைக்கும் வாய்ல ஒண்ணும் கிடையாது."

"யார் சொன்னது?"

"வார்டு சிஸ்டர்."

"அவங்களுக்கு யார் சொன்னது?"

"அவங்களுக்கு முன்னாடி இருந்த சிஸ்டர்."

"அவங்களுக்கு?"

முன்பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். எப்போதும் முதலில் எழுபவள் அவள்தான். "அவங்க எறந்துட்டாங்க டீச்சர். இனிமே கேக்க முடியாது."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அது முதல் வருடம். அப்போது அவள் சிரிப்பாள்.

சிரித்து முடித்துவிட்டுப் பாடத்தைச் சொன்னாள். பல ஊர்களில், பல ஆயிரம் நோயாளிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காற்று பிரியும்வரை காய்ந்து கிடந்தவர்களைவிட, அன்று மாலையே தண்ணீர் குடித்தவர்களுக்குத் தையல் அதிகமாக விட்டுப்போனதாகத் தெரியவில்லை. அவர்கள் சீக்கிரம் தேறி வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையிலேயே கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைக்க வேண்டும். தலை சுற்றவில்லை என்றால் நிற்க வைக்க வேண்டும், பிறகு நடக்க வைக்க வேண்டும். வலி வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, வருவதற்கு முன்பே நேரம் பார்த்துக் கொடுத்தால் நோயாளி எழுந்து நடப்பார். மெல்லுவதற்குச் சூயிங் கம் கொடுத்தால், சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து வேலையைத் தொடங்கும்.

சூயிங் கம்மினால் ஒரு கலகமே நடந்தது. கல்லூரி வாசல் பலகையில் தடை செய்த பொருள்களில் இரண்டாவது இடத்தில் இருந்தது அது. வார்டுக்குப் போகும் மாணவிகளின் பைகளில் பொட்டலம் பொட்டலமாக அதைப் பிடித்த முதல்வர் வரிசையாக நிற்க வைத்தார். "நோயாளிக்கும்மா, எங்களுக்கு இல்ல" என்று ஒருத்தி சொல்ல, "நோயாளி வாய்ல இருக்கறது உன் வாய்ல எப்படி வந்துது?" என்று அவர் கேட்டாராம்.

அவள் இந்தப் பாடத்துக்கு வந்த வழி வேறு. அவளுடைய அம்மா எங்கள் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவர். மகள் படித்து நர்ஸாகி, அறுவை வார்டில் பத்து வருடம் பழைய வழியிலேயே வேலை பார்த்தாள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள், அதற்குமேல் ஒன்றும் கொடுக்க மாட்டாள். ஒரு நோயாளி அடிக்கடி முகம் துடைக்கத் துணி கேட்டார். நல்ல சுத்தக்காரர் என்று நினைத்து இவளும் நனைத்து நனைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து பார்த்தால் துணி பிழிந்த மாதிரி உலர்ந்திருக்கும். அவர் அதைப் போர்வைக்குள் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தபோது, "திட்டாதம்மா, ஒரே வேர்வை உப்பா இருக்கு" என்றாராம். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டாள், இதை யார் சொன்னது என்று. கேட்டதற்குப் பதில் தேடியே மேற்படிப்புப் படித்து, ஆசிரியையாகத் திரும்பி வந்தாள்.

அவள் பாடத்தை வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவர, குடல் அறுவை செய்யும் பெரிய டாக்டர் ஒத்துக்கொண்டார். வார்டு சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. "நான் பாத்த உயிர் எண்ணிக்கைக்கு நீ படிச்ச புஸ்தகம் ஈடாகாது. பண்ணிப் பாரு, நான் இங்கதான் நிக்கறேன்" என்றார். ஒரு வருடம் செய்து பார்ப்பது, வருட முடிவில் மருத்துவமனைக் குழு முடிவுகளைப் பார்த்து மற்ற வார்டுகளுக்கும் கொண்டுபோவதா நிறுத்துவதா என்று சொல்வது என்று ஏற்பாடு ஆயிற்று.

அந்த வருடத்தின் எட்டாவது மாதத்தில் அவள் கணவனுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டியவர்களைத் திறந்துவிடுவதும், மாதாமாதம் சோதித்து அட்டையில் கையெழுத்துப் போடுவதும் அவன் தொழில். வாயாடி. அவனை வளர்த்தவள் அவனுடைய அக்கா. தம்பியை ஆளாக்குவதிலேயே தன் காலம் போய்விட, கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்களோடேயே இருந்தாள். வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தாள். எங்கள் ஆதாரமும் கணவனைப் போலவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அறுவைக்கு முந்தின நாள் நான் பார்க்கப் போனபோது, மாணவிகள் வந்து சுற்றி நிற்கலாமா என்று அவனிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு?"

"ஆறு பேர்."

"டிக்கெட் போடலாமே."

"வெளையாடாதீங்க. இஷ்டம் இல்லைன்னா சொல்லுங்க, வேற டீச்சர் பாத்துப்பாங்க. பொண்ணுங்களும் வேண்டாம்."

"வரட்டும்டி. லிஃப்ட்டுக்குக் கேபிள் மாத்தினா அன்னைக்கே ஓட்டிப் பாத்துடணும். நிறுத்தி வெச்சா அதுவே சண்டித்தனம் பண்ணும். நீ பாடம்னு நடத்தறதை நாங்க ரொம்ப நாளா தொழில்லயே பண்ணிட்டிருக்கோம்."

"லிஃப்ட்டுக்கு ரத்தம் வராது."

"எனக்கு மட்டும் வருதா பாப்போம்."

அறுவை நல்லபடியாக முடிந்தது. மாலையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவன் நன்றாக விழித்திருக்கிறானா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ஆறு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க அவளே சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை அவன் உட்கார்ந்தான், நின்றான், ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தான். மூன்று நாளும் வார்டே அவனுடைய பேச்சில் கலகலப்பாக இருந்தது.

நான்காம் நாள் அவன் நாடித்துடிப்பு ஏறியிருப்பதை முதலில் கவனித்தது முன்பெஞ்சுப் பெண்தான். உடனே சொன்னாள். காய்ச்சலும் வந்தது. தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. மறுபடி திறந்து கழுவினார்கள். வயிற்றில் பரவிய சீழ் ரத்தத்திலும் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கிடந்து இறந்துபோனான்.

அந்தப் பிரிவின் வாசலில் வைத்து அக்கா கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"தையக்காரி நான் சொல்றேன். தச்ச துணியைக்கூட அன்னைக்கே தண்ணியில முக்க மாட்டாங்க. நீ தச்ச குடல்ல ஊத்தியிருக்கே. ஆறு பொண்ணுங்களுக்கு வேடிக்கை காட்ட என் தம்பிதான் கெடைச்சானா?"

தண்ணீருக்கும் தையல் விட்டதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல அவளிடம் ஆயிரக்கணக்கான ஆதாரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்த வாசலில் உதவாது. கைப்பையின் வாரைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடக் கூப்பிட்ட இடத்துக்குப் போனாள்.

எடுத்த விடுப்பு முடிந்த அன்று காலை வேலைக்கு வந்துவிட்டாள். மருத்துவமனை லிஃப்டுக்குள் தொங்கும் சோதனை அட்டையில் அவன் கையெழுத்து மாதவரிசையில் இருந்தது. அதற்குப் பயந்து படியேறுவாள் என்று நினைத்தேன். அவள் லிஃப்டிலேயே ஏறினாள், கதவைப் பார்த்து நின்றாள், அவளுடைய மாடி வந்ததும் இறங்கினாள். விடைத்தாள் திருத்தினாள். தாமதமாக வந்தவர்களை வெளியே நிறுத்தினாள். புதிய வகுப்புக்கு அதே பாடம் வந்தபோது, மாப்பிள்ளையின் கட்டிலை உயர்த்தி அதே வார்த்தைகளில் நடத்தினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மதியம் டப்பாவைத் திறந்து, இருப்பதைத் தின்று, கழுவி மூடி வைத்தாள். என்ன தின்றாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

வார்டு சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் தனியாகப் பிடித்து, "ஒரு தடவ வாய்விட்டு அழுதுடும்மா. உள்ளயே வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாது" என்றிருக்கிறார்.

"அதுக்கு ஆதாரம் இருக்கா சிஸ்டர்?"

"கிண்டல் பண்றாளோன்னு நெனச்சேன் சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "மூஞ்சியப் பாத்தா நெசமாவே கேக்கறா. இருக்குன்னு சொல்லியிருந்தா உக்காந்து அழுதிருப்பா போல."

வருடம் முடிந்தது. முடிவுகளைத் தொகுக்கும் கூட்டத்துக்குக் கோப்புகளைத் தள்ளுவண்டியில் வைத்து நான்தான் கொண்டுபோனேன். பெரிய டாக்டர், அவள், வார்டு சிஸ்டர் மூன்று பேரும் இருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். அவளைப் பார்க்காமல் கோப்புகளைப் பார்த்தே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் கேஸை இதுல கொண்டுவர வேண்டாம்மா. அவரு சிகரெட் குடிச்சவரு, எடையும் கொறஞ்சிருந்தாரு. நம்ம ஆளுங்கற விசேஷ கவனிப்பு வேற. பொதுவான நோயாளின்னு சொல்ல முடியாது. விட்டுட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"சிகரெட் குடிச்ச மத்தவங்களையும் விட்டுட்டோமா டாக்டர்?"

"இல்ல."

"அப்போ அவரையும் சேத்துக்கங்க."

"சேத்தா ஒரு சாவு. குழுவுல நிறுத்தணும்னு சாக்குத் தேடிட்டிருக்கறவங்க உண்டு. வெறும் வாய மெல்லறவங்களுக்கு அவல் கெடைச்ச மாதிரி ஆயிடும். இனிமே இந்த வார்டுக்கு வர்றவங்க எல்லாம் மறுபடி நாக்கு வறண்டு கெடப்பாங்க. அதையும் யோசிங்க."

அவள் யோசித்தாள்.

"அவர் பொழைச்சு வீட்டுக்குப் போயிருந்தா சேத்திருப்போமா?"

"சேத்திருப்போம்" என்றார் டாக்டர்.

"அப்போ சேத்துக்கங்க டாக்டர்."

அவனையும் சேர்த்து அறுபத்தொரு பேர் என்று எழுதினார்கள்.

டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் அந்த ஒரு வரியில் விரலை வைத்து, "நம்ம ஊழியர் வீட்லயே இப்படின்னா வெளியாளுக்கு யார் பதில் சொல்றது? இத்தோட நிறுத்திடலாம்" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்தாள். பேசியது வார்டு சிஸ்டர்.

"அய்யா, பழைய வழியில எத்தனை பேருக்குத் தையல் விட்டுதுன்னு யாராவது பாத்தீங்களா? அந்த வார்டுல நிக்கறவ நான். ஒருத்தருக்கும் விடலன்னு என் வாயால சொல்ல முடியாது."

"நீங்கதானே சிஸ்டர் இது வேண்டாம்னீங்க?"

"இப்பவும் எனக்குப் பிடிக்கலதான். அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

கடைசியில் முடிவை ஒத்திவைத்தார்கள். புதிய வழிக்கு முந்தைய வருடத்தில் அதே அறுவை செய்துகொண்டவர்களின் கோப்புகளைப் படித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதுவரை வார்டில் பழைய வழிதான். அன்று மாலையே கட்டில்களின் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் இல்லை' என்ற அட்டைகள் திரும்பவும் தொங்கின.

தம்பியையும் எண்ணிக்கையில் எழுதியது அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாடிப்படியில் நின்று பேசியதால் எனக்கும் கேட்டது.

"அவன் உன் கணக்குல வேண்டாம். எடுத்துடு."

"முடியாதுக்கா."

"உன் டாக்டரே வேண்டாங்கறாராமே. உனக்கென்ன அப்படி ஒரு பிடிவாதம்? அவன் என்ன எண்ணிக்கையா?"

"எல்லாரும்தான்க்கா."

"கல்லு" என்றாள் அக்கா. "கல்லுகூட வெயில்ல சுடும்."

அதன்பின் பேச்சு நின்றது. ஒரே சமையலறை, ஒரே வாசல். அக்கா சுவரைப் பார்த்துப் பேசுவாள்: "பால் தீந்துபோச்சுன்னு யாராவது நெனச்சா தேவல." இவள் பால் வாங்கி வைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு தபால்காரன் ஆனேன். "மேல வர்ற மகாராணிகிட்ட சொல்லிடுங்க, கேஸ் சிலிண்டர்காரன் நாளைக்கு வர்றானாம்" என்பாள் அக்கா. மகாராணி என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். "சரின்னு சொல்லுங்க சார்" என்பாள்.

கணக்கெடுப்பை மாணவிகளை வைத்தே செய்தாள். வகுப்பு முடிந்ததும் அதே ஆறு பேரும் ஆவண அறைக்கு வருவார்கள். நீளமான மேசையில் நான் பழைய கோப்புகளையும் புதிய கோப்புகளையும் கலந்து அடுக்கித் தருவேன். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, இரண்டும் ஒத்துவராவிட்டால் டாக்டர் தீர்த்துவைப்பார் என்பது அவள் வைத்த முறை. அடுக்கும் எண்ணும் என் கையில். அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து தன் விடைத்தாள்களைத் திருத்துவாள்.

முன்பெஞ்சுப் பெண் ஒரு கோப்போடு வந்தாள். பழைய வழியில் இருந்து இறந்துபோன ஒரு வயதானவர்.

"டீச்சர், இவருக்குத் தையல் விட்டுதுன்னு நேரா எழுதல. ஆனா காய்ச்சல் இருந்திருக்கு, வயிறு உப்பியிருக்கு. விட்டிருக்கணும். இதையும் போட்டா பழைய பக்கம் தையல் விட்டுச் செத்தவங்க மூணு ஆயிடுவாங்க."

"உனக்கு மூணு வேணுமா?"

அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள். "வேணும் டீச்சர். நமக்கு நல்லதுதானே?"

"வேணும்னு நீ நெனைக்கறதாலயே அதை நீ படிக்கக் கூடாது. அவகிட்ட குடு. நெனச்சதைச் சொல்லாமக் குடு."

அடுத்தவள் படித்தாள், பிறகு டாக்டரும் படித்தார். அந்த வயதானவருக்கு நெஞ்சில் சளி கட்டிய காய்ச்சல் என்றுதான் தேறியது. இரண்டு, மூன்றாகவில்லை.

இன்னொரு நாள் அவனுடைய கோப்பு வந்தது. கலந்து வைத்தவன் நான்தான் என்றாலும், எந்த நாளில் வரும் என்று எனக்கும் தெரியாது. எடுத்த பெண் மேலட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களின் பேனாக்களும் நின்றன.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "படி. அதுவும் ஒரு கோப்புதான்" என்றாள்.

"நான் வேணா சத்தமில்லாமப் படிச்சுக்கறேன் டீச்சர்."

"கையெழுத்துப் புரியலைன்னா சத்தமாத்தானே படிப்பே? எல்லாத்துக்கும் ஒரே மாதிரி."

அந்தப் பெண் படித்தாள். முதல் நாள் மாலை, நோயாளி விழித்திருக்கிறார், குமட்டல் இல்லை, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. அடுத்த வரியில் அவன் சொன்னது இருந்தது. நோயாளி சொன்னதையும் குறித்துவைக்க வேண்டும் என்று இவள்தான் பழக்கியிருந்தாள். அன்று கட்டிலருகே நின்ற ஏதோ ஒரு மாணவி அதை அப்படியே குறித்து வைத்திருந்தாள்: 'சர்க்கரை போதாது, சம்பளத்துல பிடிச்சுக்கறாங்களா என்கிறார்.'

"அது கணக்குக்கு வேண்டாம்" என்றாள் அவள். "எப்போ குடிச்சார்னு மட்டும் எடுத்துக்க. அடுத்ததுக்குப் போ."

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த விடைத்தாளில் விட்ட இடத்திலிருந்து மதிப்பெண் போட ஆரம்பித்தாள். பேனா நிற்கவில்லை. மறுநாள் அந்தத் தாளை அவளே திரும்ப எடுத்து மறுபடி திருத்தினாள் என்று கேள்விப்பட்டேன். சரியான விடைகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருந்தாளாம்.

எண்ணி முடித்தார்கள். புதிய வழியில் அறுபத்தொரு பேரில் மூன்று பேருக்குத் தையல் விட்டிருந்தது, அதில் ஒருவர் இறந்திருந்தார். பழைய வழியில் ஐம்பத்தெட்டுப் பேரில் மூன்று பேருக்கு விட்டிருந்தது, அதில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். புதிய வழியில் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்று நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மாணவிகள் கைதட்டினார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எதுக்குக் கைதட்டல்?"

"ஒண்ணு எங்க, ரெண்டு எங்க டீச்சர்!"

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு ஆள்தான் இருக்காரு. அவரு எந்தப் பக்கம் வேணும்னாலும் விழுந்திருக்கலாம். புது வழி உயிரைக் காப்பாத்துதுன்னு இதை வெச்சுச் சொன்னா உங்களை ஃபெயில் பண்ணிடுவேன். வெளியில ஆயிரக்கணக்கான பேர்கிட்ட என்ன பாத்தாங்களோ, அதுக்கு மாறா இங்க ஒண்ணும் தெரியல. சீக்கிரம் வீட்டுக்குப் போறாங்க. அவ்வளவுதான் எழுதணும்."

அவ்வளவுதான் எழுதினார்கள். குழு கூடிய அன்று மாலை, கால்சட்டையைப் பெரிதாக்கக் கொடுத்திருந்ததை வாங்கிக்கொள்ள நான் மாடிக்குப் போயிருந்தேன். அக்கா இயந்திரத்தில் உட்கார்ந்து அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு தையல்தான், உட்காருங்க என்றாள். அப்போது அவள் வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

அக்கா சுவரைப் பார்த்தாள். "கூட்டம் முடிஞ்சுதுன்னா யாராவது வாயைத் திறந்து சொல்லலாம்."

"முடிஞ்சுதுக்கா. வார்டுல மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க."

இயந்திரம் கொஞ்சம் ஓடி நின்றது.

"அவனைச் சேத்தாச்சா?"

"சேத்தாச்சு."

"அந்தப் பக்கம்?" இப்போது சுவரைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள். "தண்ணி குடுக்காமப் போட்டிருந்தவங்க பக்கம். அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகலதானே?"

அந்தக் கேள்வியை எத்தனை நாளாக வைத்திருந்தாளோ தெரியாது.

"மூணு பேருக்குத் தையல் விட்டுதுக்கா. ரெண்டு பேர் போயிட்டாங்க."

"ஒரு சொட்டு குடுக்காமயா?"

"ஒருத்தருக்கு நாலாம் நாள்தான் ஆரம்பிச்சிருக்காங்க. இன்னொருத்தருக்குக் கடைசி வரைக்கும் குடுக்கல. உதட்டை நனைச்சதா மட்டும் எழுதியிருக்கு."

"அந்த இன்னொருத்தர் ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளை. உங்க வயசு இருக்கும்."

அக்கா நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். கால்சட்டையை உதறி, இடுப்புப் பட்டியை இரண்டு கைகளிலும் இழுத்துப் பார்த்தாள். இயந்திரத்தின் மேலேயே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கையெடுக்காமல் இருந்தாள்.

"அவ தாகத்தோடயே போயிருக்கா" என்றாள்.

"ஆமாக்கா."

இவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். அக்கா எழுந்து கால்சட்டையை நான்காக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இடுப்புல ஒரு இன்ச் விட்டிருக்கேன். போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. இதுக்கு மேல விடறதுக்குத் துணி இல்ல."